ஞாயிற்றுக்கிழமை குழம்பு வெள்ளிக்கிழமை வரை வருமா?

பிரீசரை நம்பும் தர்மபுரி வீடுகள் – கரண்டு போனால் கவனம்!

விடியற்காலை 4 மணி. தர்மபுரி பஸ் நிலையத்து டீக்கடையில் பாய்லர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர், பெங்களூர் போகிறவர், சேலத்தில் ஆபீஸ் உள்ளவர் என்று ஒவ்வொருவராக வந்து சேருகிறார்கள். தோளில் பை. பைக்குள் டிபன் டப்பா.

இந்த டப்பாவை நிரப்ப வீட்டில் ஒருவர் 3 மணிக்கே எழுந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது அம்மா, இல்லாவிட்டால் மனைவி. அந்த அம்மாவும் 8 மணிக்கு வேலைக்குப் போகிறவராக இருந்தால்? தூக்கம் எப்போது?

அதற்குத்தான் இப்போது பல வீடுகளில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் சமைப்பது. டப்பா டப்பாவாகப் பிரித்துப் பிரீசரில் வைப்பது. தினம் ஒன்றை எடுத்துக் கொதிக்க வைப்பது. சோறு மட்டும் புதிதாக வடித்தால் போதும். ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சம்!

நல்ல யோசனைதான். ஆனால் பிரீசரை இரும்புப் பெட்டி மாதிரி நினைத்துவிடக் கூடாது. “உள்ளே வைத்தாகிவிட்டது, இனி கவலை இல்லை” என்று இருந்தால் வயிறு கணக்குக் கேட்கும். குடும்பத்தில் நாலு பேரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் தினக்கூலிக்காரர் வீட்டில் அன்றைய சம்பளமும் போச்சு, ஆஸ்பத்திரிச் செலவும் ஆச்சு.

பாட்டி வைத்த பிரீசர்

சமைத்ததை, விளைந்ததைப் பத்திரப்படுத்துவது தர்மபுரிக்காரர்களுக்குப் புதிது அல்ல. மானம் பார்த்த பூமி இது. மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் கேழ்வரகைக் குதிரில் கொட்டி வைத்தார்கள். புளியைக் கொட்டை நீக்கி, கல் உப்பு தூவி, பானையில் அடைத்து வைத்தார்கள். மோர் மிளகாய், கத்தரி வற்றல், வெங்காய வடகம் எல்லாம் கோடை வெயிலில் மொட்டை மாடியில் காய்ந்தன. ஆடு அடித்தால் மிச்சக் கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் போட்டார்கள்.

ராத்திரி மிஞ்சிய களிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்தார்கள். கறிக்குழம்பு மிஞ்சினால் சுண்டக் காய்ச்சினார்கள்.

இதில் எல்லாம் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெயில் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. உப்பும் புளிப்பும் கிருமியை அண்ட விடுவதில்லை. ஈரம் இல்லாத இடத்தில், உப்புக் கரிக்கிற இடத்தில், நோய்க் கிருமி பெருக முடியாது. பாட்டி பாடம் படித்து இதைச் செய்யவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

பனியில் விறைத்த மீன்

பிரீசர் சமாசாரத்தின் கதை வேறு. வட அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் லாப்ரடார் என்று ஒரு பிரதேசம். பனி கொட்டும் ஊர். 1910-களில் அங்கே போய் இருந்தார் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். அந்த மண்ணின் மக்கள் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பதைப் பார்த்தார். வெளியே எடுத்த மீன் அந்தக் குளிரில் நிமிடத்தில் விறைத்துவிட்டது. பல நாள் கழித்து அதைச் சமைத்தால் அப்போதுதான் பிடித்த மீன் போல ருசி!

ஏன் என்று யோசித்தார். மெதுவாக உறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் ஊசிகளாக மாறுகிறது. அந்த ஊசி சதையைக் கிழித்துவிடும். உருகும்போது சாறு எல்லாம் வடிந்து, சக்கைதான் மிஞ்சும். சட்டென்று உறைந்தால் ஊசி சிறியது, சதை கிழியாது. இந்த உண்மையை வைத்து அவர் இயந்திரம் செய்தார். 1930-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் உறைய வைத்த இறைச்சியும் மீனும் பட்டாணியும் விற்பனைக்கு வந்தன.

தர்மபுரி சமையல் அறைக்கும் இதே பாடம்தான். வேகமாக உறைய வேண்டும். அதற்கு டப்பா சின்னதாக, குழம்பு மட்டம் தாழ்வாக இருக்க வேண்டும். ஒரு குண்டான் சாம்பாரை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி உறைய ஒரு ராத்திரியும் போதாது.

கிருமி சாகாது, தூங்கும்!

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பிரீசர் குளிரில் நோய்க் கிருமிகள் செத்துவிடுவதில்லை. பெரும்பாலானவை தூங்குகின்றன. அவ்வளவுதான். வெளியே எடுத்து வைத்தால் விழித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். உப்புக்கண்டத்துக்கும் பிரீசர் கறிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த உணவு அந்த நிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் 1 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுவது நல்லது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மத்தியானம் 12 மணிக்கு இறக்கிய குழம்பு சாயங்காலம் வரை அடுப்பு மேடையிலேயே இருக்கிறது. “ஆறட்டும், ராத்திரி எடுத்து வைப்போம்” என்கிறார்கள். அதற்குள் கிருமி குடும்பம் நடத்திவிடுகிறது. அதைப் பிரீசரில் வைத்தால் கிருமியையும் சேர்த்துப் பத்திரப்படுத்தியதாகவே அர்த்தம்.

“நல்லா கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்” என்பதும் எப்போதும் சரி அல்ல. வடித்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். அது கக்குகிற ஒரு வகை விஷம் கொதித்தாலும் போகாது. கிருமி செத்தாலும் விஷம் அப்படியே இருக்கும். வாந்தி எடுக்க வைப்பது அதுதான்.

எந்தப் பெட்டி? எத்தனை நாள்?

பிரிட்ஜ் என்றால் எல்லாம் ஒன்று அல்ல. இரண்டு கதவு பிரிட்ஜில் பிரீசருக்குத் தனிக் கதவு உண்டு. மைனஸ் 18 டிகிரி வரை குளிர் நிற்கும். ஒற்றைக் கதவு பிரிட்ஜில் மேலே இருப்பது ஒரு சின்ன ஐஸ் பெட்டி. தண்ணீர் பாட்டில் எடுக்கப் பிள்ளைகள் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் குளிரும் இறங்குகிறது.

உறைந்த உணவுக்கு உலக அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. மைனஸ் 6 டிகிரி என்றால் 1 வாரம். மைனஸ் 12 என்றால் 1 மாதம். மைனஸ் 18 என்றால் 3 மாதம். நம் ஊர் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டார் வேறு. அது கரண்டு மிச்சத்தைச் சொல்வது. 5 ஸ்டார் என்றால் குளிர் அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது.

டிகிரியை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்ஜில் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையா? ஒரு கப் ஐஸ்கிரீம் வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். மறுநாள் கல் மாதிரி இறுகி இருந்தால் பரவாயில்லை. சொதசொதவென்று இருந்தால் குளிர் போதாது. அந்தப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைக்க வேண்டாம். ஒரே நாளில் பெட்டி நிறைய அடைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று டப்பாக்களே அதற்குத் தாங்கும்.

பட்டனில் இருக்கிறது ஆபத்து!

ஒற்றைக் கதவு பிரிட்ஜில் பனிக்கட்டி மலை போல் ஏறிக்கொள்ளும். அதைக் கரைக்கக் குமிழின் நடுவில் ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் குளிர்வது நின்று ஐஸ் உருகும்.

சிக்கல் இங்கேதான். ராத்திரி பட்டனை அமுக்கிவிட்டுப் படுக்கிறார்கள். ஐஸோடு சேர்ந்து டப்பாவில் இருக்கும் கோழிக் குழம்பும் உருகுகிறது. ஐஸ் கரைந்ததும் பிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கி, குழம்பை மறுபடியும் உறைய வைக்கிறது. காலையில் பார்த்தால் குழம்பு பழையபடி கல்! நடுவில் உருகியது யாருக்கும் தெரியாது.

இதற்குச் சுலபமான வழி உண்டு. வாரம் முழுக்கச் சாப்பிட்டுச் சனிக்கிழமை பெட்டி காலியாகும் அல்லவா? அன்றைக்குப் பட்டனை அமுக்குங்கள். ஐஸ் கரைந்து, துடைத்து, மறுபடி நன்றாகக் குளிர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களை வையுங்கள்.

எது தாங்கும்? எது தாங்காது?

எல்லாச் சமையலும் பிரீசருக்கு ஒத்து வராது.

தாங்கும்: பருப்புச் சாம்பார், கொள்ளுக் கடையல், கொண்டைக்கடலைக் குழம்பு, கோழி, ஆட்டுக்கறிக் குழம்பு, வெங்காயம் தக்காளி வதக்கிய மசாலா, தேங்காய்த் துருவல், அவித்த இட்லி, பாதி வெந்த சப்பாத்தி. இட்லியை நேராக ஆவியில் வைத்தால் மெத்தென்று வந்துவிடும்.

தாங்காது: உருளைக்கிழங்கு போட்ட குழம்பு, கிழங்கு மணல் மாதிரி உதிரும். அவித்த முட்டை, வெள்ளைக்கரு ரப்பர் ஆகிவிடும். தயிர் ஊற்றியது, திரிந்து தண்ணீர் விடும். வெள்ளரிக்காய் துவண்டுவிடும். கேழ்வரகுக் களியும் வேண்டாம். களி என்றால் அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் கரைத்துக் குடிக்க வேண்டும். நடுவில் பிரீசருக்கு இடம் இல்லை!

மார்கழி, தை வந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பச்சை மொச்சை குவியும். ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்குப் பருப்பில் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஆனால் பிதுக்குவது பெரிய வேலை. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, பேசிக்கொண்டே பிதுக்க வேண்டும். இப்போது அந்தப் பருப்பைக் கொதிக்கிற தண்ணீரில் ஓரிரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி, ஈரம் வடித்துப் பிரீசரில் வைக்கலாம். பங்குனியிலும் தை மாதக் குழம்பு!

பாலக்கோட்டுத் தக்காளி

தக்காளிக் கதை எல்லாருக்கும் தெரியும். பாலக்கோடு சந்தைக்கு வரத்து கூடினால் விலை பாதாளத்துக்குப் போகிறது. பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் விவசாயி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன காட்சிகள் உண்டு. அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது.

விலை மலிந்த வாரத்தில் 5 கிலோ வாங்குங்கள். கழுவி, நறுக்கி, எண்ணெய் விடாமல் அதன் தண்ணீரிலேயே வேக வைத்து, பாதியாகச் சுண்டியதும் ஆற்றி அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய விடுங்கள். பிறகு கட்டிகளைத் தட்டி எடுத்து டப்பாவில் போடுங்கள். ரசத்துக்கு இரண்டு, குழம்புக்கு நாலு. விலை ஏறும் மாதத்தில் அது பணம்.

முழுத் தக்காளியாக வைத்தால்? உருகும்போது கொழகொழத்துவிடும். லாப்ரடாரில் பார்த்த ஐஸ் ஊசியின் வேலைதான்! ஆனால் வேக வைக்கிற தக்காளிக்கு அது குறை இல்லை.

செய்முறை இதுதான்

1. குழம்பை இறக்கியதும் அகலமான பாத்திரத்தில் மாற்றுங்கள். 2 அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம். அந்தப் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்துக் கிளறுங்கள். தண்ணீர் சுட்டால் மாற்றுங்கள். அரை மணியில் ஆறிவிடும்.

2. ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து, மூடி இறுக்கமான டப்பாக்களில் ஊற்றுங்கள். தளும்ப ஊற்றக் கூடாது. உறையும்போது தண்ணீர் பருக்கும். அரை அங்குலமாவது இடம் விடுங்கள்.

3. டப்பாமேல் சீட்டு ஒட்டுங்கள். என்ன குழம்பு, என்ன தேதி. “பாத்தா தெரியாதா?” என்று இருந்துவிடாதீர்கள். உறைந்த பிறகு சாம்பாரும் கறிக்குழம்பும் ஒரே மாதிரிதான் தெரியும். பழையது முன்னால், புதியது பின்னால்.

4. மறுநாள் வேண்டியதை முந்தின ராத்திரியே எடுத்துப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சமையல் மேடையில் ராத்திரி முழுக்க வைப்பது தவறு. பச்சைக் கறியாக இருந்தால் தட்டின்மேல் வைத்து அடித்தட்டில் வையுங்கள்; அதன் நீர் மற்ற உணவில் சொட்டக் கூடாது.

5. லேசாகச் சுட வைத்தால் போதாது. நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

6. ஒருமுறை உருகியதை மறுபடி பிரீசரில் வைக்கவே கூடாது. மிஞ்சினால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

பேப்பர் படிப்பதற்குத்தான்!

கறியையும் மீனையும் பழைய நியூஸ் பேப்பரில் சுற்றிப் பிரீசரில் வைக்கிறவர்கள் உண்டு. அச்சு மையில் உள்ள ஈயம் முதலியவை உணவில் இறங்கும். உணவை நியூஸ் பேப்பரில் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் விதி கொண்டு வந்தது. மாலைப் பேப்பர் படிப்பதற்கு, மடிப்பதற்கு அல்ல! கடையில் தருகிற மெல்லிய கேரி பேக்கும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் அதற்குத் தடையே இருக்கிறது. எவர்சில்வர் டப்பா அல்லது உணவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் டப்பாதான் நல்லது.

‘நாளை மின்தடை’ – பார்த்தீர்களா?

2012-ல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாமல் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலை இன்று இல்லை. ஆனால் பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்க நிறுத்தும் நாட்கள் உண்டு. பேப்பரில் ஒரு மூலையில் ‘நாளை மின்தடை’ என்று வருகிற சின்னச் செய்தியைப் பிரீசர் வைத்திருப்பவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜின் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும். தனிக் கதவு பிரீசர், நிறைய அடைத்திருந்தால் 48 மணி நேரம். பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. காலை 9 மணிக்குப் போன கரண்டு மாலை 5 மணிக்கு வந்தால் 8 மணி நேரம். கீழ்த்தட்டில் இருந்த கறிக்குழம்பு, பருப்பு, சோறு எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மனசு கேட்காது, வயிறு கேட்கும்.

காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கினால் குளிர் அதிக நேரம் நிற்கும். பாட்டிலில் கழுத்துவரை ஊற்றக் கூடாது, வெடித்துவிடும்.

வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கரண்டு போய் வந்தது எப்படித் தெரியும்? அதற்கு ஒரு ரூபாய் போதும். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ்மேல் 1 ரூபாய் காசை வைத்துப் பிரீசரிலேயே விட்டுவிடுங்கள். சாயங்காலம் வந்து பாருங்கள். காசு மேலேயே இருந்தால் பயம் இல்லை. ஐஸுக்கு அடியில் போயிருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். டப்பாவைத் திறக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

ஞாயிறு யாருக்கு?

கடைசியாக ஒரு கேள்வி. தினம் ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சமாகிறது. சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்றால் அந்த அம்மாவுக்கு லீவு ஏது? ஆறு நாள் வேலையை ஏழாம் நாள் தலையில் ஏற்றியதாகத்தானே ஆகும்?

அன்றைக்கு வெங்காயம் உரிக்க ஒருவர், தேங்காய் துருவ ஒருவர், டப்பா கழுவ ஒருவர், சீட்டில் தேதி எழுத ஒரு பிள்ளை என்று நாலு பேரும் உட்கார்ந்தால் 2 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிதுக்குப் பருப்பு அப்படித்தான் பிதுக்கப்பட்டது. வடகமும் அப்படித்தான் போடப்பட்டது.

அப்படி நடந்தால் திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்குப் பஸ் நிலையத்தில் டிபன் டப்பாவோடு நிற்கிறவரின் வீட்டில், இன்னொருவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.